வாயில் வைக்காமல் காய்ச்சிய பியர்

லண்டன் டூட்டிங்கில் அந்த வீட்டில் நான் இருந்த நான்கு வருஷத்தில், அக்கா ஒரு கறியைக்கூட உப்புப் பார்த்து நான் கண்டதில்லை. சட்டியின் மூடியைத் திறப்பார். முகத்தை ஆவிக்குள் கொடுத்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். பிறகு உப்புப் பேணிக்குள் மூன்று விரலை விட்டு எடுத்துப் போடுவார், அல்லது போடாமலே மூடிவிடுவார். மேசைக்கு வரும் கறியில் ஒரு கல் கூடியிருக்காது, ஒரு கல் குறைந்திருக்காது. நான் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். உப்புக்கு மணம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். உன்னுடைய படிப்புக்குத்தான் மணம் இல்லை, உப்புக்கு இருக்கிறது என்றுவிட்டார்.

அவர் என் சொந்த அக்கா இல்லை. ஊரில் பக்கத்துக் கிராமம், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்தேன். என் பட்டத்தைக் காட்டிய இடமெல்லாம் மரியாதையாகத் தலையாட்டி வெளியே அனுப்பினார்கள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை கிடைத்தது. அதே ஆஸ்பத்திரியின் கன்ரீனில் அக்கா சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கழுவுகிற ஆட்கள்தானே, ஒரு வீட்டிலேயே இருப்போம் என்று சொல்லித் தன் மேலறையை எனக்குத் தந்தார். வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய கணவர். அவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேன். பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மனைவி எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லாதவர். அப்படி ஒரு மனிதருக்கு எப்படிச் சமைத்தாலும் ஒன்றுதான் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ருசி பார்க்காததற்கு அக்கா சொன்ன காரணம் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். சாமிக்குப் படைப்பதற்கு முன் வாயில் வைக்கக் கூடாது. விரத நாளில் என் அம்மாவும் அப்படித்தான் சமைப்பார். ஆனால் அக்காவுக்கு வருஷத்தில் எல்லா நாளும் அந்த நாளாக இருந்தது. அவர் சைவம். அத்தானுக்கும் எனக்கும் ஆட்டிறைச்சி காய்ச்சித் தருவார், அதையும் மணந்துதான் இறக்குவார். இதை எந்தச் சாமிக்குப் படைக்கப் போகிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். பழகிவிட்டது என்றார். சாப்பாட்டில் அவருக்கு ஆசையும் கிடையாது. சாப்பிடுவதை ஒரு வேலை போலச் செய்து முடித்துவிட்டு எழும்பிவிடுவார்.

"மூக்குச் சொல்லும்" என்பது அவருடைய தீர்ப்பு வாக்கியம். பக்கத்து வீட்டில் காஸ் கசிவதை முதலில் பிடித்தது அந்த மூக்குத்தான். திருத்த வந்தவன் கருவியைப் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றான். அக்கா அடுப்புக்குப் பின்னால் விரலை நீட்டினார். அவன் அங்கே கருவியை விட்டுப் பார்த்து முகம் வெளிறிப்போனான். மாம்பழக் காலத்தில் கடைக்குப் போனால், மூடிய பெட்டியைக் காட்டி உள்ளே ஒன்று அழுகியிருக்கிறது என்பார். கடைக்காரர் அவரைக் கண்டதுமே பெட்டிகளைத் தானாகத் திறந்து வைக்கத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை நான் ஒரு பெடியனோடு கோப்பி குடித்துவிட்டு வந்து, லைப்ரரியில் இருந்ததாகச் சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்தபடியே, லைப்ரரியில் இப்போது தலைக்குக் கிறீமும் பூசிவிடுகிறார்களா என்று கேட்டார். அந்தப் பெடியனையே பிறகு கட்டிக்கொண்டதால் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு உயிர் போய் வந்தது.

இந்த மூக்கு கன்ரீனில் மட்டும் செல்லுபடியாகவில்லை.

ஐந்து வருஷமாக அங்கே அவர் ஆள் உயரச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உதவிச் சமையல்காரர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டார். கன்ரீனின் தலைமைச் சமையல்காரர் ஓர் அயர்லாந்துப் பெண்மணி. பெரிய உடம்பு, பெரிய குரல், மனசில் கள்ளமில்லை. இரண்டு முறையும் ஒரே சோதனைதான் வைத்தார். கரண்டியில் உருளைக்கிழங்கு சூப்பை எடுத்து நீட்டி, என்ன குறை என்று சொல்லச் சொன்னார். அக்கா மணந்து பார்த்து, மிளகு போதாது, அடியில் வெங்காயம் கருகியிருக்கிறது என்றார். இரண்டும் சரி. ஆனால் கரண்டியை வாயில் வைக்க மறுத்துவிட்டார். சமையல்காரர் முதலில் தன் வாயில் போட்டுப் பார்த்துத்தான் நோயாளியின் தட்டில் போட வேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டாம் முறை மறுத்த அன்று அக்கா வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் அடுப்படியில் நின்றார்.

"ஐஞ்சு வருஷமா அவையள் அடிப்பிடிக்க விட்ட சட்டியைத் தேய்க்கிறன். அடிப்பிடிக்காமல் காய்ச்ச எனக்குத் தெரியும், பிள்ளை. அதை மட்டும் செய்ய விடீனமில்லை."

அவருக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த மார்கழியில் கன்ரீனில் நத்தார்ப் பண்டிகைக்கு ராஃபிள் சீட்டுக் குலுக்கினார்கள். அக்காவின் நம்பருக்கு ஒரு பெரிய பெட்டி விழுந்தது. பிரித்துப் பார்த்தால் வீட்டில் பியர் காய்ச்சுகிற சாமான். நெற்றியில் திருநீறு, சேலைக்கு மேல் ஏப்ரன், கையில் பியர்ப் பெட்டி. கன்ரீன் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு போர்ட்டர் இரக்கப்பட்டு, தனக்கு விழுந்த சொக்லேட் பெட்டியை மாற்றித் தருவதாகச் சொன்னார். அக்கா பெட்டிக்குள் மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, இதை நானே காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்று தன் இங்கிலீசில் சொன்னார்.

ருசி பார்க்காமலா என்று தலைமைச் சமையல்காரர் கேட்டார். ருசி பார்க்காமல்தான் என்றார் அக்கா. உதவிச் சமையல்காரர் ஒருவர் சித்திரையில் வேலையை விட்டு அவுஸ்திரேலியாவுக்கு, மகளிடம், போகவிருந்தார். அவருடைய பிரியாவிடைக்கு அந்தப் பியரைக் கொண்டுவா, நான் ஒரு கிளாசை முழுதாகக் குடித்து முடித்தால் அவருடைய கரண்டி உனக்குத்தான் என்று அந்த அம்மா எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பகிடியாகச் சொல்லியிருக்கலாம். அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

தை மாதம் முதல் ஞாயிறு தொடங்கினோம். எனக்கு இருந்த உசாரைச் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் வெறும் குழாய் கழுவிய கைக்கு ஒரு பரிசோதனை கிடைத்திருக்கிறது! நான் வழிமுறைத் தாளைத் தமிழில் வாசிக்க வாசிக்க அக்கா செய்தார். பெட்டியில் வந்த டின்னைச் சுடுதண்ணியில் வைத்து இளக்கி, தார் நிறத்தில் இறங்கிய மோல்ட் என்கிற பார்லிப் பாகை வாளிக்குள் ஊற்றினார். சீனி, கொதிதண்ணி, பச்சைத்தண்ணி. மேலே, சீனியைத் தின்று காற்றைக் கக்குகிற ஈஸ்டைத் தூவி, மூடியை அழுத்தி மூடி, காற்று வெளியே போகிற சின்னக் குழாயைச் செருகினோம். அத்தான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கள்ளுத் தவறணை வாசலை மிதிக்காத குடும்பத்தில் பிறந்தவர், கண் இரண்டும் பளபளத்தன.

வாளியை எங்கே வைப்பது என்றதில்தான் பிழை விட்டோம். வெதுவெதுப்பான இடம் வேண்டும் என்று தாளில் இருந்தது. வீட்டில் அப்படி ஒரு இடம்தான் உண்டு, சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரி. லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அதுதான் சாமியறை. தாங்கிக்கு மேல் தட்டில் பிள்ளையார், முருகன், லட்சுமி. பியர் வாளியைச் சாமியின் காலடியில் வைக்கிற கதை அக்காவிடம் நடக்காது. வாளி பின்பக்கக் குசினிக்குப் போனது. தை மாதத்தில் அந்தக் குசினியில் எண்ணெய்ப் போத்தலே உறைந்து நிற்கும்.

முதல் இரண்டு நாளும் குழாய் "புளக், புளக்" என்றது. அத்தான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். அக்கா காலையில் எழும்பியதும் வாளியில் காதை வைப்பார், வேலையால் வந்ததும் காதை வைப்பார். ஐந்தாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. மூடியைக் கொஞ்சம் தூக்கி மணந்து பார்த்தார். முடிந்துவிட்டது என்றார்.

பெட்டியில் ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. பியருக்குள் விட்டால், சீனி எவ்வளவு மிச்சம் என்று மிதக்கிற உயரத்தில் காட்டும். அளந்து பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு என்ன தெரியும் என்றார். பட்டதாரி நான் அந்த இடத்தில் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த மூக்கு பிழைத்து நான் காணவில்லையே.

போத்தல் சேர்த்ததும் ஒரு கூத்து. சந்தியில் இருந்த பப் வாசலில் வெறும் போத்தல் கேட்டு நின்றது நான்தான். இரண்டு பை நிறையப் போத்தல், அடி வைக்கிற இடமெல்லாம் கிணுகிணுவென்று சத்தம். எதிரே கோயில் கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீதியைக் கடந்து மறுபக்கம் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, காலை நீட்டி இருக்கலாம் என்றார் அக்கா.

போத்தலில் அடைத்து மூடி அடித்ததும், மூடின சாமான்தானே, தீட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அவற்றைச் சாமி அலுமாரிக்குள் அடுக்கினார். குளிரில் நித்திரை கொண்டிருந்த ஈஸ்டை நாற்பது போத்தலுக்குள் அடைத்து, மூடியையும் இறுக்கி, சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சோறு போட்டு இருக்கிறோம். மேலே முதல் போத்தல் வெடித்தது. பிறகு இரண்டு. பிறகு படபடவென்று ஒரு வரிசை. நாங்கள் என்ன செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? மூன்று பேரும் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, உடம்பு தானாகப் போய்விட்டது. அத்தான் என் தலைக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். டூட்டிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்கினது போலக் கிடக்கிறோம். அப்போது அக்கா மூக்கை உயர்த்தினார்.

"வெடிமருந்து மணம் இல்லை. இது எங்கட பியர்."

சிரிக்கத் தொடங்கினோம் பாருங்கள், அரை மணித்தியாலம் மேசைக்குக் கீழேயிருந்து எழும்ப முடியவில்லை. அத்தானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படியேறிப் போனால், பிள்ளையார் முதல் லட்சுமி வரை எல்லோருக்கும் பியர் அபிஷேகம் ஆகியிருந்தது. அக்கா படங்களைத் துடைத்தபடி முருகனிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு ஒரு சொட்டாவது குடிக்கக் கிடைத்ததா என்றால் இல்லை, மிச்சப் போத்தல்களை நான் ஈரத்துவாய் சுற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து ஊற்றிவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்கா போத்தல் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, அந்த மிதக்கிற கண்ணாடியை எடுத்து வை என்றார்.

இரண்டாம் டின் வாங்கினோம். பிரியாவிடைக்கு ஏழு கிழமைதான் இருந்தது. இந்த முறை தவறினால் இன்னொன்றுக்கு நேரமில்லை. சாமிகள் அக்காவின் படுக்கையறை மேசைக்கு மாறினார்கள், வாளி தாங்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் நாளே குழாய் புளக்குப் புளக்கென்று பேசிய பேச்சில் நான் மேலறையில் இருந்து எழும்பி எழும்பி வந்து பார்த்தேன். நுரை மூடியைத் தொட்டது. வீடு முழுக்கப் பாண் பேக்கரி வாசம். அத்தான் வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் எடுத்து, இப்போது நிமிஷத்துக்கு எத்தனை என்று கேட்பார். எனக்கு என் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம் திரும்பிக் கிடைத்தது போல இருந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் மிதவை ஒரே உயரத்தில் நின்றது. பத்தாம் நாளும் அதே உயரம். சீனி முடிந்தது, போத்தலில் அடைக்கலாம் என்று நான் அறிவித்தேன். அக்கா மணந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பச்சை அப்பிள் மணம் நிற்கிறது, இன்னும் பிஞ்சு என்றார்.

எனக்குக் கோபம் ஏறியது. போன முறை மூக்கைக் கேட்டுத்தான் சாமிக்கு அபிஷேகம் செய்தோம் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்காவின் முகம் சுருங்கியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"உன்ர கண்ணாடி சீனியைச் சொல்லுது. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. நான் மணத்தைச் சொல்லுறன். ரெண்டும் ஒத்துக்கொள்ளுமட்டும் பொறு."

பொறுத்தோம். அதிலிருந்து ஐந்தாம் நாள் அந்த அப்பிள் மணம் போய்விட்டது, எனக்கே தெரிந்தது. பியர் பிஞ்சாக இருக்கும்போது அந்த மணம் அடிக்கும் என்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அன்றைக்கு அது தெரியாததால் என் தோல்வியை அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டேன். போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி சீனி, கத்தியால் வழித்து மட்டமாக. மூன்று கிழமை ஒருவரும் தொடக் கூடாது. இரண்டாம் கிழமை அத்தான் ஒரு போத்தலைக் கெஞ்சி வாங்கிக் குடித்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லா இருக்கு என்றார் அத்தான். அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

எனக்கும் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம் என்று தோன்றாமல் இல்லை. பொம்பிளைப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவள், ஏற்கெனவே கோயிலில் எங்கள் பெயர் நாறிக் கிடக்கிறது. கை போகவில்லை. ஆகவே அந்தப் பியர் என்ன ருசி என்று சரியாகச் சொல்லக் கூடிய ஒருவரும் இல்லாமலே பிரியாவிடை நாள் வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். அத்தானின் பழைய காரில் போத்தல்களைப் பழைய சேலைகளால் சுற்றி அடுக்கினோம். பள்ளம் வருகிற இடமெல்லாம் "மெல்ல, மெல்ல" என்று அக்கா மடியில் இருந்த பெட்டியைப் பிள்ளையைப் போல ஏந்தினார். அத்தான் எங்களை இறக்கிவிட்டு ஷிப்டுக்கு ஓடினார். கன்ரீனில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள்.

தலைமைச் சமையல்காரர் முதல் போத்தலை எடுத்தார். மூடி "உஸ்" என்றது, வெடிக்கவில்லை. கிளாசில் ஊற்றினார். தேன் நிறம், மேலே இரண்டு விரல் நுரை. அவர் ஒரு வாய் குடித்தார். கிளாசைப் பார்த்தார். இன்னொரு வாய். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிளாசை மேசையில் குத்தினார். தன் அப்பா வீட்டுக்குப் பின்னால் காய்ச்சியது கூட இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றார். கன்ரீன் இரைந்தது. போத்தல்கள் பறந்தன. நான் துள்ளிக் குதித்தேன், இருபத்தாறு வயதில், ஆய்வுகூடத்து டொக்டர்மாருக்கு முன்னால்.

ஆனால் அந்த அம்மா இன்னொரு கிளாஸ் ஊற்றி அக்காவிடம் நீட்டினார். பந்தயத்தில் நீ வென்றுவிட்டாய், கரண்டி உனக்குத்தான் என்றார். ஆனால் திங்கட்கிழமை நோயாளிக்குச் சூப் போகுமுன் நீ வாயில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும், அதை நான் விட முடியாது, இதிலிருந்து தொடங்கு என்றார். குரலில் கேலி இல்லை. கெஞ்சுவது போலக்கூட இருந்தது.

அக்கா கிளாசை இரண்டு கையாலும் வாங்கினார். திருநீற்று நெற்றி வியர்த்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம், வைத்துவிடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குடித்துவிட்டார். ஒரு வாய் இல்லை, மூன்று மிடறு. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கிளாசை வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். முப்பது பேரும் கைதட்டினார்கள். தலைமைச் சமையல்காரர் அவரைத் தூக்காத குறையாக அணைத்துக்கொண்டார். ஒரு வேலைக்காக அக்கா இத்தனை வருஷத்து ஆசாரத்தை விட்டாரே என்று எனக்குப் பெருமையும் துக்கமும் ஒன்றாக வந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். மேல்தட்டில், முன் சீற்றில். என் மடியில் மிஞ்சிய இரண்டு போத்தல். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அது கசக்குமோ?" என்று கேட்டார்.

நீங்கள்தானே குடித்தீர்கள் என்றேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாது. ஒன்பது வயசில ஒரு காய்ச்சல் வந்தது. அதோட நாக்குச் செத்துப் போச்சு. உப்பு, புளி, இனிப்பு ஒண்டும் இல்லை. மூக்கு மட்டும் மிஞ்சினது."

நாக்குச் செத்த பெண்ணை ஆர் கட்டுவான் என்று அவருடைய அம்மா பயந்திருக்கிறார். யாராவது கேட்டால் சாமிக்குப் படைக்க முன் வாயில் வைக்கிறதில்லை என்று சொல்லு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். சொல்லிச் சொல்லி அதுவே ஆசாரமாகிவிட்டது. அத்தானுக்கும் தெரியாது. வேலைச் சோதனையில் சூப்பை வாயில் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னைக் கேட்டார். மூக்குச் சொன்னதையே சொல்லியிருக்கலாமே என்றேன். வாயில் வைத்துவிட்டுப் பொய் சொல்ல இன்றைக்கு வரைக்கும் துணிவு வரவில்லை, இன்றைக்குத்தான் வந்தது என்றார்.

"அதெண்டபடியால் கேக்கிறன். நான் காய்ச்சினது என்ன மாதிரி இருக்கு? அவருக்கு எல்லாம் நல்லா இருக்கு. நீ குடிச்சுச் சொல்லு."

பையிலிருந்து திறப்பானை எடுத்து அவரே மூடியைக் கழற்றித் தந்தார். டூட்டிங் பஸ்ஸின் மேல்தட்டில், பொழுது படுமுன், நான் என் வாழ்க்கையின் முதல் பியரைக் குடித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

முதலில் கசக்கிறது என்றேன். வேப்பம்பூக் கசப்பா, பாகற்காய்க் கசப்பா என்று கேட்டார். ஒன்பது வயதுக்கு முன் தின்றதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டும் இல்லை, தோடம்பழத்தின் ஒரேஞ்சுத் தோலைக் கடித்தால் வருகிற கசப்பு என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என்றார். பிறகு கருகின பாண் கரை, அதற்குப் பின்னால் ஒரு சொட்டு இனிப்பு. எவ்வளவு என்றார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்து முடிந்த கோப்பையின் அடியில் கரையாமல் கிடக்குமே, அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. மூக்குச் சொன்னது சரிதான் என்றார். பஸ் நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டது.

இறங்கி நடக்கும்போது, நான் வேலை செய்கிற ஆய்வுகூடம் கன்ரீனிலிருந்து எத்தனை கதவு தள்ளி என்று விசாரித்தார். சொன்னேன்.

"திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சூப் இறங்கும். ஒரு சின்னக் கோப்பையில கொண்டு வாறன். எனக்கு முன்னால குடிச்சுச் சொல்லு, பிறகு அவைக்கு முன்னால நான் குடிக்கிறன்."

நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த மட்டும், தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை, பதினொரு மணிக்கு அந்தக் கோப்பை வந்தது. கல்யாணம் முடித்து லண்டனின் மறுகோடியில் இருந்த குட்மேய்ஸுக்கு வீடு மாறிய பிறகும் வந்தது. உப்புக் கூட என்றோ குறைவு என்றோ நான் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும், நான் விழுங்கி முடிக்கும் வரைக்கும், அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.